நீர் ஏன் மற்ற திரவங்களைப் போல இல்லை?

அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. அதன் மூலக்கூறும் நீரின் மூலக்கூறும் ஒரே வார்ப்பு: நடுவில் ஓர் அணு, அதோடு ஒட்டி இரண்டு ஹைட்ரஜன். நடு அணு நீரில் ஆக்சிஜன், இதில் கந்தகம். எடையில் ஹைட்ரஜன் சல்பைடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒத்த அமைப்புள்ள பொருள்களில் பொதுவாகக் கனமான மூலக்கூறுதான் கொதிப்பதற்கு அதிகச் சூடு கேட்கும். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், அதைவிட லேசான நீர் மைனஸ் 80 டிகிரி வாக்கிலேயே கொதித்து ஆவியாகியிருக்க வேண்டும். கடலும் ஆறும் இருந்திருக்காது, ரத்தமும் இருந்திருக்காது. நீரோ 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது.

இதற்குக் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதில் ஆக்சிஜன் கெட்டிக்கார அணு. அதனால் நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் வந்துவிடுகின்றன. மூலக்கூறு நேர்க்கோடாக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கும். அது 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருப்பதால் அப்படி நடப்பதில்லை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லாட்டிமர், ரோட்புஷ் என்ற இரு வேதியியலாளர்கள் 1920-இல் இந்தப் பிணைப்பைப் பற்றி எழுதினார்கள்.

இந்தப் பிணைப்பின் பலம், மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். திரவ நீரில் ஒரு பிணைப்பின் ஆயுளே ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துணுக்கு, அல்லது அதில் சில துணுக்குகள். அறுந்த உடனே அடுத்த மூலக்கூறோடு புதிதாகப் பிடிப்பு. இதைவிடக் கெட்டியாக இருந்தால் நீர் ஓடாது; இதைவிடத் தளர்வாக இருந்தால் ஆவியாகிவிடும். நீரின் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்த நடுத்தரப் பிடியிலிருந்து வருகின்றன.

முதலில் வெப்பம். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 4.18 கிலோஜூல் வேண்டும். இரும்புக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். கொடுக்கும் வெப்பத்தில் கணிசமான பகுதி பிணைப்புகளைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடுவதால் நீர் மெதுவாகச் சூடேறுகிறது, மெதுவாக ஆறுகிறது. கடலோரத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பெரிதாக மாறாததற்கு இதுவே காரணம்.

உடலுக்குள் இது இன்னும் நெருக்கமான விஷயம். சும்மா படுத்திருக்கும் மனித உடலே சுமார் 80 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் வெப்பநிலை மணிக்கு 1 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். உடலில் பாதிக்கு மேல் நீராக இருப்பதால்தான் இந்த அளவோடு நிற்கிறது. சரி, ஏறிய வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது? வியர்வை ஒவ்வொரு கிராம் ஆவியாகும்போதும் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. 100 கிராம் வியர்வை முழுதாக ஆவியானால், அதே 60 கிலோ உடலை 1 டிகிரிக்கு மேல் குளிர்விக்கலாம். ஆனால் ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நாளில் வியர்வை வழிந்து சொட்டுகிறதே தவிர வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை. புழுக்கமான வெயில் வறண்ட வெயிலைவிட ஆபத்தானது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது பனிக்கட்டி. ஏறக்குறைய எல்லாத் திரவங்களும் உறையும்போது சுருங்கிக் கனமாகும். நீர் 9 சதவீதம் விரிகிறது. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றி நான்கு மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் பிடித்துக்கொள்கிறது. அப்படி அமையும் அறுகோணக் கட்டமைப்புக்குள் காலி இடம் அதிகம். அதனால் பனிக்கட்டி மிதக்கிறது. அதோடு, உறைவதற்கு முன்பே, 4 டிகிரியிலிருந்து கீழே குளிரக் குளிர நீர் லேசாகத் தொடங்குகிறது.

குளிர்காலத்தில் ஒரு நன்னீர் ஏரியில் நடப்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனமாகி அடிக்குப் போகிறது. போகும்போது காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜனையும் கொண்டுபோகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்ததும் இந்தச் சுழற்சி நிற்கிறது. இனி மேலும் குளிரும் நீர் லேசானது என்பதால் மேலேயே தங்கி, அங்கேயே உறைகிறது. அப்புறம் அந்தப் பனித்தட்டே ஒரு போர்வையாகி, கீழே உள்ள வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. வெளியே மைனஸ் 30 டிகிரி அடித்தாலும் அடியில் மீன்கள் 4 டிகிரி நீரில் இருக்கின்றன. பனிக்கட்டி மூழ்கும் பொருளாக இருந்திருந்தால், ஏரிகள் அடியிலிருந்து மேலாக உறைந்திருக்கும். கடலில் கதை கொஞ்சம் வேறு: அங்கே உப்பு இருப்பதால் இந்த 4 டிகிரி விதி செல்லாது. உறையும் வரை கடல்நீர் கனமாகிக்கொண்டே போகிறது. ஆனாலும் உறைந்தது மிதக்கத்தான் செய்கிறது.

இதே விரிவு செல்லுக்குள் நடந்தால் ஆபத்து. பனிப்படிகங்கள் செல்களைச் சிதைத்துவிடும். கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை உறையாமல் இருக்கும் அண்டார்க்டிகாவில் மீன்களின் ரத்தத்தில் ஒரு தனி வகைப் புரதம் ஓடுகிறது. அது சிறு பனிப்படிகங்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் செய்கிறது.

மரங்களுக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் மிக உயரமானது 115 மீட்டரைத் தாண்டியது. காற்றை உறிஞ்சி நீரை மேலேற்றும் எந்தப் பம்பாலும் 10 மீட்டர் சொச்சத்துக்கு மேல் நீரை இழுக்க முடியாது, ஏனென்றால் அங்கே நீரைத் தள்ளுவது வளிமண்டல அழுத்தம் மட்டுமே. மரத்திலோ பம்பே இல்லை. அயர்லாந்தின் டப்ளினைச் சேர்ந்த விஞ்ஞானிகள் டிக்சன், ஜோலி இருவரும் 1894-இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இலையில் செல்சுவர்களின் நுண்துளைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, அந்தத் துளைகளில் மிச்சமிருக்கும் நீர்ப்பரப்பு உள்நோக்கி வளைகிறது. வளைந்த பரப்பு பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் அந்த இழுப்பு, நீரைக் கடத்தும் சைலம் குழாய்கள் வழியாக வேர்வரை போய்ச் சேர்கிறது. ஆவியாக்கும் வேலையைச் சூரியன் செய்கிறது. மரம் இதற்குத் தன் ஆற்றலைச் செலவழிப்பதில்லை.

அந்த உயரத்துக்கு நீரின் எடையைத் தாங்குவதற்கே 10 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இழுவிசை வேண்டும். அவ்வளவு இழுத்தும் நீர்க்கம்பி அறுவதில்லை என்பதை அன்று பலர் நம்பவில்லை. வறட்சியில் அறுவதும் உண்டு. மண்ணில் நீர் குறைந்து இழுவிசை எல்லை மீறும்போது குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி தோன்றி நீர்க்கம்பி முறிகிறது. 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் வாடும் ஆமணக்கு இலையில் ஒலியுணரியைப் பொருத்தி, இந்த முறிவுகளைச் சின்னச் சின்னச் சொடுக்கு ஒலிகளாகப் பதிவு செய்தார்கள். தாகத்தில் இருக்கும் செடி உண்மையிலேயே சத்தம் எழுப்புகிறது!

நீர் பல பொருள்களைக் கரைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். உப்பில் சோடியம், குளோரைடு அயனிகளுக்கு (மின்னேற்றம் கொண்ட அணுக்களுக்கு) இடையே உள்ள கவர்ச்சி, நீருக்குள் ஏறக்குறைய 80-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நரம்புகளில் செய்தி பாய்வது இப்படிப் பிரிந்து நடமாடும் அயனிகளால்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, நீர் கரைக்க மறுக்கும் பொருள்கள். எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறால் ஹைட்ரஜன் பிணைப்பில் சேர முடியாது. நீர் தன் பிடிப்புகளைக் காத்துக்கொள்ளும் போக்கில் அவற்றை ஒன்றாக ஒதுக்கித் தள்ளுகிறது. ஒரு முனை நீரை விரும்பியும் மறுமுனை எண்ணெய்த் தன்மையோடும் உள்ள கொழுப்பு மூலக்கூறுகளை நீரில் விட்டால், அந்த எண்ணெய் முனைகளை உள்ளே மறைத்துத் தாமாகவே இரட்டை அடுக்காக அமைகின்றன. செல் சவ்வு அதுதான். யாரும் கட்ட வேண்டியதில்லை. புரதங்கள் சரியான வடிவத்தில் மடிவதிலும் இதே ஒதுக்கலுக்குப் பெரும் பங்கு உண்டு.

கடைசியாக, இந்தப் பிடி உயிருக்கு எதிராக நிற்கும் ஓர் இடம். நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றுப்பைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அதன் பரப்பு இழுவிசை ஒவ்வொரு பையையும் சுருங்கச் செய்யப் பார்க்கிறது. பை சிறியதாக ஆக, அழுத்தம் கூடுகிறது. இதைத் தடுக்க நுரையீரல் செல்கள் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புக் கலவையைச் சுரக்கின்றன. அது நீர்ப்பரப்பில் படர்ந்து இழுவிசையைக் குறைக்கிறது. கருவில் இது போதுமான அளவு சேர்வது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். முன்கூட்டியே பிறக்கும் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதற்கு இந்தக் குறைபாடே காரணம் என்று 1959-இல் மருத்துவ ஆய்வாளர்கள் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் காட்டினார்கள். அப்போது அதற்குச் சிகிச்சை இல்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963-இல் பிறந்து இரண்டு நாளில் இதே நோயால் இறந்தான். 1980-இல் ஜப்பானில் மருத்துவர் ஃபுஜிவாராவின் குழு, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துத் தயாரித்த சர்ஃபாக்டன்டை 10 குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தி நல்ல பலன் கண்டது. இன்று குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் சிகிச்சைகளில் அது முக்கியமான ஒன்று.