சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு: திருட்டுப் புகார் கொடுக்கப் போகுமுன்

பைக் திருடு போய் ஆறு மாதம் கழித்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் போய் நிற்கிறவர்கள் பலரின் கையில் ஒரு சீட்டு இருக்கும். ஸ்டேஷன் முத்திரை, எண், தேதி எல்லாம் அதில் சரியாக இருக்கும். "இது சி.எஸ்.ஆர். சார், எஃப்.ஐ.ஆர். கொண்டு வாங்க" என்பார்கள். அப்போதுதான் புரியும், இந்த ஆறு மாதமும் அந்த பைக்கை யாரும் தேடவே இல்லை என்பது.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு ஸ்டேஷனுக்கு வந்தது என்பதற்கான ரசீது. வழக்கு எண், பிரிவு, விசாரணை அதிகாரி எதுவும் அதில் வராது. திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். விழுந்தால்தான் விசாரணை என்று ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல் இதற்கான சட்டம் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது), பிரிவு 173. போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. சட்டக் கதை இதற்கு மேல் வேண்டாம்.

சின்ன ஊர் ஸ்டேஷன்களில் எஃப்.ஐ.ஆர். போடத் தயங்குவதற்குக் காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. பதிவான வழக்கு கணக்கில் ஏறும், கண்டுபிடிக்காவிட்டால் மேலதிகாரி கேட்பார். சி.எஸ்.ஆரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதனால்தான் ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) மேசையில் உங்கள் புகார் மெல்ல உருமாறத் தொடங்கும்.

முதல் உருமாற்றம் ஒரே ஒரு சொல்லில் நடக்கும். "'திருடு போச்சு'ன்னு எழுதாதீங்க, 'காணாமப் போச்சு'ன்னு எழுதுங்க, சீக்கிரம் முடியும்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் நிஜமாகவே சீக்கிரம் முடியும், ஏனென்றால் காணாமல் போவது குற்றமே இல்லை, வழக்கும் இல்லை. போலீஸ் இணையதளத்தில் 'தொலைந்த ஆவண அறிக்கை' எடுப்பதும் இதே வகைதான். லைசென்ஸ், மதிப்பெண் சான்றிதழ் தொலைந்ததற்கு அது சரி. பர்ஸைப் பறித்துக்கொண்டு ஓடியவனைப் பிடிக்க அந்த அறிக்கை உதவாது. திருட்டு என்றால் "அடையாளம் தெரியாத நபர் திருடிச் சென்றுவிட்டார்" என்றே எழுதுங்கள். யார் மேல் சந்தேகம் என்று சொன்னால்தான் வழக்கு என்பார்கள். அப்படி ஒரு விதியும் கிடையாது.

இரண்டாவது, 5,000 ரூபாய். இது புதுச் சட்டத்தோடு வந்த கண்ணி, பலருக்குத் தெரியாது. சாதாரணத் திருட்டில், அதாவது பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 303(2)-ல், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அது மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாகிவிடும். "பழைய போன்தானே, நாலாயிரம்னு போட்டுக்கலாமா?" என்ற கேள்வி எவ்வளவு அன்பாக வந்தாலும் தலையாட்டாதீர்கள். வாங்கிய பில்லை எடுத்துப்போய் உண்மையான மதிப்பை எழுதுங்கள். கவரில் இருந்த சார்ஜர், பணம், வெள்ளிக் கொலுசு எல்லாவற்றையும் கூட்டித்தான் மதிப்பு. இன்னொன்று, வீட்டுக்குள்ளிருந்தோ பஸ்ஸிலிருந்தோ திருடினால் அது 303 அல்ல, 305. அதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை, இந்த 5,000 ரூபாய் வரம்பும் இல்லை. எனவே எங்கே வைத்து எடுத்தார்கள் என்பதைப் புகாரின் முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, "பதினாலு நாள் விசாரிச்சுட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்." இது அரை உண்மை. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்துக்கு முதற்கட்ட விசாரணை நடத்தலாம்தான். ஆனால் அதற்கு டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும், 14 நாளுக்குள் முடிக்கவும் வேண்டும். முகம் சுளிக்காமல் ஒரே கேள்வி கேளுங்கள்: "டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில வாங்கினீங்க?" பல மேசைகளில் பேச்சு அங்கேயே மாறிவிடும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள 305-க்கு இந்தப் பதினான்கு நாள் கதையே பொருந்தாது.

நான்காவது எல்லை. பஸ்ஸில் ஏறும்போது கழுத்தில் இருந்த செயின் இறங்கும்போது இல்லை. ஏறிய ஊர் ஸ்டேஷன் இறங்கிய ஊருக்கு அனுப்பும், இறங்கிய ஊர் ஏறிய ஊருக்கு அனுப்பும். நடுவில் ஒரு நாள் போய்விடும், அதற்குள் நகை உருகிவிடும். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று பிரிவு 173(1) தெளிவாகச் சொல்கிறது. அங்கே ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் எஃப்.ஐ.ஆர்.) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது அவர்கள் வேலை, உங்கள் வேலை அல்ல.

நகை வழக்கில் எடை தனித் தலைவலி. எட்டுப் பவுன் போனால் எஃப்.ஐ.ஆரில் ஐந்தாகிவிடும். பின்னால் நகை கிடைத்து நீதிமன்றத்தில் திரும்பக் கேட்கும்போது மீதி மூன்று பவுன் உங்களுடையதுதான் என்று யாரிடம் போய் நிரூபிப்பது? பவுனில் மட்டும் எழுதாமல் கிராமிலும் எழுதுங்கள். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக: "முறுக்குச் செயின் ஒன்று, 24 கிராம். கல் வைத்த தோடு ஒரு ஜோடி, 6 கிராம்." பில் இல்லாவிட்டால், முன்பு அடகு வைத்த ரசீது இருந்தால் அதுவும் ஆதாரம். நகை போட்டு எடுத்த கல்யாணப் போட்டோவும் உதவும்.

புகாரை வீட்டிலேயே எழுதி, இரண்டு பிரதியோடு போங்கள். ஸ்டேஷனில் நின்றுகொண்டு அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினால் அது அவர்கள் புகார். நாள், நேரம், இடம், பொருள், மதிப்பு, வண்டியானால் பதிவெண், இன்ஜின் எண், சேசிஸ் எண், போனானால் ஐ.எம்.இ.ஐ. எண் (பெட்டியிலும் பில்லிலும் இருக்கும்) இவை போதும். ஒரு நாள் தாமதமாகப் போனால் ஏன் தாமதம் என்று ஒரு வரி. வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதையே சாக்காகச் சொல்வார்கள்.

"ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், சாயங்காலம் வாங்க" என்பது மாறாத வாசகம். இன்ஸ்பெக்டர் இல்லாவிட்டால் அப்போது ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவர் வாங்க வேண்டும். சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும், 15 வயதுக்குட்பட்ட பையன்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. பிரிவு 179-ன்படி போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஒரு கட்டு ஏ4 பேப்பர் வாங்கி வரச் சொன்னால் அது சட்டத்தில் எங்கும் இல்லாத கட்டணம்.

இதற்கிடையே கேமரா பதிவை மறக்காதீர்கள். பக்கத்துக் கடை டி.வி.ஆரில் (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) இடம் நிறைந்ததும் பழைய காட்சிகள் தானாக அழிந்துவிடும். சில கடைகளில் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காத்திருக்காமல் கடைக்காரரிடம் அன்றைக்கே பேசி அந்த அரை மணி நேரத்தை மட்டும் தனியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். டி.வி.ஆர். காட்டும் நேரமும் உண்மையான நேரமும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு இருக்கிறது என்பதைப் புகாரிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், பிறகு "கேமரா எதுவும் இல்லை" என்று எழுத முடியாது.

இத்தனைக்குப் பிறகும் சி.எஸ்.ஆர்.தான் கொடுக்கிறார்கள் என்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று வீசிவிட்டு வராதீர்கள். நீங்கள் போன தேதிக்கு அதுதான் சாட்சி. அடுத்த நாளே அதே புகாரை, சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். பிரிவு 173(4) சொல்வது இதைத்தான். ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், சேர்ந்துவிட்டது என்ற டிராக்கிங் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். புதன்கிழமை எஸ்.பி. அலுவலகத்தில் மனு வாங்குவது பல மாவட்டங்களில் வழக்கம். நேரில் போனாலும் தபாலை விட்டுவிடாதீர்கள், நாளைக்கு நீதிமன்றம் கேட்பது அந்த ரசீதைத்தான். திங்கள்கிழமை கலெக்டரிடம் கொடுக்கிற மனு சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷன் ரைட்டர் மேசைக்கே வரும் என்பதை அலைந்தவர்கள் அறிவார்கள்.

எஸ்.பி.யிடமிருந்தும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், பிரிவு 175(3). மனுவோடு பிரமாணப் பத்திரம் கட்டாயம். எஸ்.பி.க்கு அனுப்பிய ஆதாரம் இல்லாமல் போனால் மனு நிற்காது. வக்கீலுக்குக் காசில்லை என்று இந்தப் படியில் பலர் திரும்பிவிடுகிறார்கள். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி 15100.

எஃப்.ஐ.ஆர். கையில் வந்ததும் அங்கேயே நின்று பிரிவு எண், மதிப்பு, எடை மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவது மலையைப் பெயர்ப்பது மாதிரி. போன் என்றால் முதலில் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, சி.இ.ஐ.ஆர். என்ற, திருடு போன போனை முடக்கும் மத்திய அரசுத் தளத்தில் புகார் நகலோடு போனை முடக்குங்கள். ஓ.டி.பி. வர எண் வேண்டும், அதனால்தான் சிம் முதலில். வண்டி என்றால் ஆர்.டி.ஓ.வுக்கும் இன்சூரன்சுக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், இன்சூரன்சுக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்தால் உண்மையான க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் அதற்கு வழக்காட வேண்டியது நீங்கள்தான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. இருக்கிற சாவி இரண்டையும் கேட்பார்கள், ஒன்றைத் தொலைத்திருந்தால் அதற்கு விளக்கம் தயாராக இருக்கட்டும்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பிரிவு 193(3). தானாக வராது, 91-ஆம் நாள் எழுதிக் கேளுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்றால் நான்-டிரேசபிள் அறிக்கை, அதாவது கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் அறிக்கை, கேட்டு வாங்க வேண்டும், இன்சூரன்சுக்கு அது இல்லாமல் நகராது.

கிடைத்துவிட்டால் நிம்மதி என்று இருந்துவிடாதீர்கள். ஸ்டேஷன் வளாகத்து வேப்பமரத்தடியில் டயர் மண்ணுக்குள் புதைந்து, சீட்டுக்குள் செடி முளைத்து நிற்கிற பைக்குகளில் பாதிக்கு உரிமையாளர்கள் உண்டு, மனுப் போடாதவர்கள். பிரிவு 497-ன்படி, நீதிமன்றத்தில் ஒப்படைத்த பொருளுக்கு 14 நாளுக்குள் விவரப் பட்டியலும் போட்டோவும், அதிலிருந்து 30 நாளுக்குள் உத்தரவும் வர வேண்டும். ஆர்.சி. புத்தகம், ஆதார், எஃப்.ஐ.ஆர். நகலோடு, வழக்கு முடியும் வரை காத்திராமல் இடைக்கால ஒப்படைப்பு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். நகைக்கும் இதே வழிதான்.