பாஸ்போர்ட் கிடைத்தால் தேசிய அணியில் ஆடிவிடலாமா?

"முகவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார், பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு வழக்கறிஞரைத் தேடி வரும் கால்பந்துக் குடும்பங்கள் குறைந்தபாடில்லை. அண்மையில் வந்த ஒரு தந்தையின் கோப்பில் பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் என்று இருந்தது, கைப்பேசியில் எடுத்த ஒரு படம். பதிவு எண் இருக்க வேண்டிய இடம் தாளின் மடிப்பில் மறைந்திருந்தது.

குடியுரிமை தருவது அரசு. தேசிய அணிக்கு ஆடும் தகுதியைத் தீர்மானிப்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா. புதிதாகக் குடியுரிமை பெற்றவர், அல்லது அவருடைய பெற்றோரிலோ தாத்தா பாட்டியரிலோ ஒருவர், அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால், 18 வயதுக்குப் பின் குடியேறியவர் அங்கே 5 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். பராகுவேயில் பிறந்த நெல்சன் கப்ரேராவிடம் பொலிவியக் குடியுரிமை முறையாகவே இருந்தது, ஆனால் 5 ஆண்டுகள் நிறையவில்லை. அவர் ஆடிய 2016ஆம் ஆண்டின் இரண்டு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டங்களிலும் பொலிவியா தோற்றதாக அறிவிக்கப்பட்டது.

மலேசியாவிலும் இதே கதைதான். 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என வென்ற அணியில் ஆடிய வெளிநாட்டில் பிறந்த 7 வீரர்களுக்கு அந்நாட்டு அரசே குடியுரிமை வழங்கியிருந்தது. ஆனால் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டப்பட்டிருந்த அவர்களுடைய தாத்தா பாட்டியரின் அசல் பதிவுகளை ஃபிஃபா தேடி எடுத்தபோது, பிறந்த இடங்கள் அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் என்றிருந்தன. ஒவ்வொருவருக்கும் 12 மாதத் தடையும், மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன.

இந்தியாவுக்கு ஆட விரும்பும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது, இந்தியக் குடியுரிமை ஆகாது) உதவாது; ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்த பிறகே இந்திய அணிக்கு ஆடினார்.

ஆகவே பெற்றோர்களே, முகவர் நீட்டும் நகலை நம்பாதீர்கள். பிறப்புப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட பிரதியை, அந்த உறவினர் பிறந்த நாட்டின் பதிவு அலுவலகத்திலிருந்து நீங்களே நேரடியாகப் பெறுங்கள். இளையோர் அணிக்கு அதிகாரப்பூர்வப் போட்டியில் ஆடியிருந்தால்கூட, நாடு மாற ஃபிஃபாவிடம் விண்ணப்பித்தே ஆக வேண்டும். மூத்தோர் அணிக்கு 21 வயதுக்குப் பின் ஒரே ஒரு தகுதிச் சுற்று ஆட்டத்தில் சில நிமிடங்கள் ஆடினாலும், பிறகு வேறு நாட்டுக்கு மாறும் கதவு பெரும்பாலும் மூடிவிடும். தயவுசெய்து, அழைப்புக் கடிதம் வந்த அன்றே ஃபிஃபாவின் எழுத்துப்பூர்வமான உறுதியை, அழைத்த நாட்டின் கால்பந்துச் சங்கத்திடம் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை பிள்ளையை விமானம் ஏற்றாதீர்கள்.