கிழக்கே: கடல்

ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் கோப்போடு வந்தால் வக்கீலான நான் முதலில் புரட்டுவது சொத்து விவரத்தில் இருக்கும் நான்கெல்லையைத்தான். அண்மையில் வந்த ஒரு பத்திரத்தில் வடக்கு, தெற்கு, மேற்கு மூன்றும் சர்வே எண்ணோடு ஒழுங்காக இருந்தன. கிழக்கே மட்டும் ‘கடல்’ என்று ஒரே சொல். தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் ‘கடற்கரைப் புறம்போக்கு’, அதாவது கடற்கரையோர அரசு நிலம், என்று இருக்கிறது. நடுவில் கைமாறிய ஏதோ ஒரு பத்திரத்தில் புறம்போக்கு கழன்றுவிட்டது. சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை வைத்து அளந்தபோது சுற்றுச்சுவர் நாற்பது அடி கிழக்கே தள்ளி நின்றது.

வாங்க வந்தவர் பணி ஓய்வு பெற்றவர். “பட்டா இருக்கு, வில்லங்கம் சுத்தமா இருக்கு, கரண்ட் கனெக்‌ஷன்கூட இருக்கு. அப்புறம் என்ன சார்?” என்றார்.

பட்டா அதில் கண்ட சர்வே எண்ணுக்கும் பரப்புக்கும் மட்டும்தான். வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களைச் சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்று சொல்லாது. சார்பதிவாளரும் அதைப் பார்த்துப் பதிவு செய்வதில்லை. வீட்டு வரி ரசீது, நீங்கள் வரி கட்டியதற்குச் சாட்சி, அவ்வளவே.

சரி, அந்த நாற்பது அடியை விட்டுவிடுவோம். மீதி இடம் முழுக்க அவர் பட்டாவிலேயே இருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி. கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை 1991 முதல் சி.ஆர்.இசட். எனும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானம் கூடாது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேரைத் தாண்டும் கிராமப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. தரகர்கள் பிடித்துக்கொண்டது இந்த ‘50’ஐ மட்டும்தான். அந்தச் சலுகை, 2019 அறிவிக்கையின்படி திருத்திய கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே செல்லும். அதுவும் உங்கள் சர்வே எண் அந்த வகையில் விழுந்தால்தான். அந்த 50 மீட்டரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தரகர் காட்டிய அலை நுரையிலிருந்து எண்ணுவதல்ல. வரைபடத்தில் உள்ள உயர் அலைக் கோட்டிலிருந்து எண்ணுவது. 1:4000 அளவு வரைபடத்தில் சர்வே எண்ணைத் தேடிப் பார்த்த பிறகுதான் முன்பணம்.

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கே” என்பார்கள். கேரளத்தில் கொச்சியை ஒட்டிய மரடிலும் இருந்தது. 2006இல் அன்றைய பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது, அடுக்ககங்கள் எழுந்தன, குடும்பங்கள் குடியேறின. சி.ஆர்.இசட். ஒப்புதல் மட்டும் இல்லை. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய். இத்தனைக்கும் கட்டும் காலத்தில் கட்டுநர்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுகள் சாதகமாகவே இருந்தன. அதே கொச்சியில் வேறொரு அடுக்ககம் 2018இல் ஒரு கோடி ரூபாய் அபராதத்தோடு தப்பியதும் உண்மை. விற்பவர்கள் எப்போதும் சொல்வது இரண்டாவது கதையை.

இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்துவிட்டவர்களுக்கு ஒரு விஷயம். உறையைத் தூக்கி எறியாதீர்கள். கைக்கு வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தந்த வழிகாட்டுதல்படி, இடிப்பதற்கு முன் பதிவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி, கட்டடத்திலும் ஒட்டி, பதில் சொல்ல 15 நாள் தந்து, நேரிலும் கேட்க வேண்டும். ஆனால் சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன கட்டடத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கடற்கரைப் புறம்போக்கும் பொது இடமே என்று அரசுத் தரப்பு வாதிட இடமிருக்கிறது. பதினைந்து நாளையும் நம்பிக் கடைசி நாள் மாலை வக்கீலைத் தேடி வராதீர்கள். புறம்போக்கு என்று நோட்டீஸ் வந்தால் அது பெரும்பாலும் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவில் இருக்கும். பதிலில் இரக்கம் கேட்டுப் பயனில்லை. சர்வேயரை வைத்து உங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மீனவக் குப்பத்து மக்களின் நிலை வேறு. மூன்று தலைமுறையாக வலை காயப்போட்ட இடம் பதிவேட்டில் புறம்போக்காக இருக்கும். இரண்டு வீடு தள்ளி அதே தெரு கிராம நத்தமாக, அதாவது ஊர்க் குடியிருப்பு நிலமாக, இருக்கும். நத்தம் என்றால் நிலைமை மாறிவிடுகிறது. குடியிருக்கும் மனை அரசுக்குச் சொந்தம் என்று அதிகாரி எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதனால் பதில் எழுதுமுன் நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டின் நகலைக் கையில் வாங்குங்கள். 2011 விதியே, பாரம்பரிய மீனவர்களின் குடியிருப்பை 100 முதல் 200 மீட்டருக்குள் உரிய ஒப்புதலோடு கட்டவும் புதுப்பிக்கவும் இடம் கொடுக்கிறது. இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் காலி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலுக்குப் போகும் வழியை மறித்துச் சுவர் கட்டியவருக்கு மூத்த வக்கீல் வருகிறார், குடிசைக்காரருக்கு ஜே.சி.பி. வருகிறது. தொழிலில் இத்தனை வருடம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை.

அந்த ஓய்வுபெற்றவர், புலப்படத்தில் உள்ள அளவுக்கு மட்டும் விலை பேசினார். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆர்வத்தில் அதே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். புதுப் பெயரில் கிரயம் ஆகியிருந்தது. எல்லை விவரத்தில் கிழக்கே: கடல்.