டவுன்டவுன்: கீழ்நகரமா, நகர மையமா?

சிகாகோவுக்கு வந்த அத்தைக்கு ஒரு தமிழ்ச் சுற்றுலாக் கையேடு கிடைத்தது. "மாலையில் கீழ்நகரத்தைச் சுற்றிப் பாருங்கள்" என்று அதில் இருந்தது. "ஏம்ப்பா, பள்ளத்துலயா இருக்கு?" என்று கேட்டார். ஊரின் கடைகளும் அலுவலகங்களும் குவிந்திருக்கும் டவுன்டவுனைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். இந்தக் கீழ்நகரத்தை வேறு பல இடங்களிலும் பார்த்துவிட்டேன்.

சொல் நியூயார்க்கில் பிறந்தது என்பார்கள்; 1830களில் அங்கே வழக்கில் இருந்தது. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் தொடங்கிய ஊர் வடக்கே வளர்ந்தது. கடையும் வங்கியும் தெற்கிலேயே நின்றன. வரைபடத்தில் தெற்கு கீழே இருப்பதால் அங்கே போவது 'டவுன்டவுன்' போவது. அப்புறம் மற்ற ஊர்களும் சொல்லை எடுத்துக்கொண்டன, திசையை விட்டுவிட்டன.

திசையே போன பிறகு 'கீழ்' எதற்கு? தமிழில் கீழ் என்றால் கிழக்கும்தான். மதுரையின் கீழமாசி வீதி தாழ்ந்த வீதி இல்லை, கிழக்கு வீதி. திசை இல்லையென்றால் பள்ளம், இல்லாவிட்டால் மட்டம் என்ற இளக்காரம். இந்த மூன்றில் எதுவும் டவுன்டவுன் இல்லை. போதாக்குறைக்கு, சிகாகோவில் நிஜமாகவே கீழே ஒரு சாலை ஓடுகிறது: வாக்கர் டிரைவ் என்ற அடுக்குச் சாலையின் கீழ்த்தளம். கீழ்நகரம் எங்கே என்று வழி கேட்பவரை அங்கே அனுப்பிவிட்டால் யார் பொறுப்பு? கனடாவின் கியூபெக் நகரத்தில் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பழைய பகுதிக்குக் கீழ்நகரம் பொருந்தும். அந்தப் பகுதியின் பிரெஞ்சுப் பெயருக்குப் பொருளே அதுதான். அதற்குரிய சொல்லை இங்கே வீணாக்க வேண்டாம்.

'நகர மையம்' சரி என்பது என் கட்சி. "ஏரிக்கரை ஓரத்தில் இருப்பது எப்படி மையம்?" என்பார்கள். லூப் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதி மிச்சிகன் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் ஊரின் கதவு எண்கள் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் மூலையிலிருந்துதான் நாலாபக்கமும் எண்ணப்படுகின்றன. 1897இல் முழு வளையமான மேம்பால ரயில் பாதை இந்தப் பகுதியின் நடுவைத்தான் சுற்றி வருகிறது. வாபாஷ் அவென்யூவில் நின்றால் தலைக்கு மேலே ரயில் தடதடக்கும், அது போகும்வரை பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லாரும் வந்து கூடுகிற இடம் மையம்தானே! அளவுகோல் வைத்துப் பார்த்த நட்டநடுவாக இருக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், இடத்தைப் பார்ப்பதில்லை. அதே கையேட்டில் அப்டவுன் 'மேல்நகரம்' ஆகியிருந்தது. சிகாகோவில் அது வடக்கே இருக்கிற ஒரு பேட்டையின் பெயர். மயிலாப்பூரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. அத்தையின் கையேட்டில் இரண்டையும் பேனாவால் அடித்து, 'நகர மையம்', 'அப்டவுன்' என்று எழுதிக் கொடுத்தேன்.