புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர்: வைரசுப் புரதவெட்டித் தடுப்பான்

எச்ஐவி மருந்துச் சீட்டுகளில் 'பிஐ' என்று சுருக்கி எழுதுவது இதைத்தான். வைரஸ் தன் புரதங்களை வெட்டிப் பயன்படுத்த வைத்திருக்கும் நொதியை முடக்கும் மருந்து வகை இது.

புரோட்டீன் என்ற சொல் 1838-இல், 'முதன்மையானது' என்ற பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'ஏஸ்' என்ற விகுதி, 1833-இல் பிரித்தெடுக்கப்பட்ட டயஸ்டேஸ் நொதியின் பெயர் வால். பின்னர் எல்லா நொதிகளுக்கும் பொது அடையாளமாயிற்று. இன்ஹிபிட் என்பதற்கு இலத்தீனில் பிடித்து நிறுத்துதல் என்று பொருள். என்சைம் என்ற பெயரை 1870-களில் ஜெர்மானியர் வில்ஹெல்ம் கூனே வைத்தார். 'புளித்த மாவுக்குள் இருப்பது' என்று அதற்குப் பொருள். நொதித்தலிலிருந்து பிறந்த நம் 'நொதி'யும் அதே வழியில் வந்ததே. இலங்கையில் நொதியம் என்பார்கள்.

தமிழாக்கத்தில் சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. 'புரதநொதித் தடுப்பான்' என்றால் போதாது. ஏறக்குறைய எல்லா நொதிகளுமே புரதங்கள்தாம் என்பதால், புரதத்தால் ஆன நொதியா, புரதத்தை வெட்டும் நொதியா என்பது அதில் தெரியாது. பாக்குவெட்டி, மண்வெட்டி போலப் 'புரதவெட்டி' என்றால் வேலை விளங்கிவிடும். 'ஒடுக்கி' வேண்டாம், பள்ளி வேதியியலில் ஒடுக்கம் என்பது ஆக்சிஜனேற்றத்துக்கு எதிர்வினை. இலங்கைப் பாடநூல்களின் 'நிரோதி' பொருத்தமான சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில், அதுவும் எச்ஐவி பற்றிப் பேசும் இடத்தில், அரசு விநியோகித்த ஆணுறையின் பெயர்தான் காதில் விழும்! 'தடுப்பு மருந்து' என்பது தவறு, ஏனெனில் அது நோய் வருமுன் கொடுப்பது. கோவிட் சிகிச்சைக்கான புரதவெட்டித் தடுப்பான் பாக்ஸ்லோவிட். அதை, கோவிட் நோயாளியுடன் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்று வராமலிருக்கக் கொடுத்துச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை.

இனி நொதியின் வேலை. எச்ஐவி தன் புரதங்கள் பலவற்றை ஒரே நீண்ட சங்கிலியாகச் செய்துகொள்கிறது. அதை உரிய இடங்களில் வெட்டினால்தான் புதிய வைரஸ் துகள் முதிர்ந்து அடுத்த செல்லைத் தொற்றும். வெட்டாவிட்டால் துகள் வெளியே வரும், ஆனால் தொற்றாது. இந்த வெட்டி, தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரு ஒத்த சங்கிலிகள் சேர்ந்தது. இரண்டும் கூடுமிடத்தில், 25-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலங்கள் இரண்டும் எதிரெதிரே நின்று வெட்டுகின்றன. அதன் முப்பரிமாண அமைப்பு 1989-இல் தெரியவந்தது. 1995 டிசம்பரில் முதல் மருந்தான சாக்குவினாவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெட்டுமிடத்தில் இருக்கவேண்டிய சங்கிலித் துண்டைப் போலவே வடிவமைத்து, வெட்ட முடியாத பிணைப்பை நடுவில் வைத்த மூலக்கூறு அது. நொதி அதைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும்.

கொரோனா வைரசின் முதன்மைப் புரதவெட்டி வேறு சாதி. அங்கே வெட்டுவது 145-ஆம் இடத்துச் சிஸ்டீன். 2020-இல் எச்ஐவி மருந்தான லோபினாவிரைக் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்த பெரிய ஆய்வுகளில் பலன் இல்லாமற்போனதில் வியப்பில்லை. இரண்டும் புரோட்டியேஸ் என்ற பெயர்ப் பொருத்தம் மட்டும் மருந்தாகிவிடாது. எனவே எந்த வைரசின் புரதவெட்டி என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மருந்துப் பெயர்களின் வால் இதைச் சொல்லிவிடும்: 'நாவிர்' எச்ஐவிக்கு, 'பிரெவிர்' ஹெபடைடிஸ் சி-க்கு, 'ட்ரெல்விர்' கொரோனாவுக்கு.

இந்தக் கணக்கில் குழப்புவது ரிட்டோனாவிர். பிறப்பால் அது எச்ஐவி புரதவெட்டித் தடுப்பான். 1996-இல் 600 மி.கி. வீதம் நாளுக்கு இருவேளை கொடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் 100 மி.கி. அளவில், வேறொரு வேலைக்காகச் சேர்க்கிறார்கள். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சிப்-3ஏ4 என்ற நம் சொந்த நொதியை அது முடக்குகிறது. அதனுடன் கொடுக்கும் மருந்து இரத்தத்தில் நெடுநேரம் நிற்பது அதனால்தான். பாக்ஸ்லோவிட்டில் ஒரு வேளைக்கு 150 மி.கி. நிர்மட்ரெல்விர் இரண்டு, 100 மி.கி. ரிட்டோனாவிர் ஒன்று; இருவேளை, 5 நாள், மொத்தம் 30 மாத்திரை. அறிகுறி தோன்றி 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்கும் 60 மி.லி.க்கும் இடையில் இருந்தால் நிர்மட்ரெல்விர் ஒரு வேளைக்கு ஒன்றுதான்.

தொல்லை பெரும்பாலும் இந்த இரண்டாவது தடுப்பிலிருந்தே வருகிறது. கொலஸ்ட்ரால் மருந்தான சிம்வாஸ்டேடின் சிதையாமல் தேங்கித் தசையைக் கெடுக்கும். பாக்ஸ்லோவிட் தொடங்க 12 மணி நேரம் முன்பே சிம்வாஸ்டேடினை நிறுத்தி, முடிந்தபின் மேலும் 5 நாள் தள்ளித் தொடங்கச் சொல்வார்கள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் புளூட்டிகசோன்கூட எச்ஐவி நோயாளி ரிட்டோனாவிரைத் தொடர்ந்து எடுக்கும்போது உடலில் சேர்ந்து, முகம் உப்பவைக்கும். எதிர்த்திசையிலும் கெடும்: காசநோய் மருந்து ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்துகள் கார்பமசெபைன், பெனிட்டாயின் ஆகியவை சிப்-3ஏ4-ஐப் பெருக்கிப் புரதவெட்டித் தடுப்பானின் அளவைச் சரித்துவிடும். அளவு சரிந்தால் வைரஸ் மருந்தின் நிழலிலேயே பெருகி, நொதியை மாற்றிக்கொண்டு எதிர்ப்பு பெறும். ரிஃபாம்பிசினை நேற்று நிறுத்திவிட்டோம் என்பதும் சமாதானமாகாது. பெருகிய நொதி அடங்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். எச்ஐவியும் காசநோயும் சேர்ந்தவருக்கு, பிஐ தொடரவேண்டியிருந்தால், ரிஃபாம்பிசினுக்குப் பதில் ரிஃபாபியூட்டின் தருகிறார்கள்.

இந்தியாவில் எச்ஐவி இரண்டாம் கட்டச் சிகிச்சையில் வரும் அட்டாசனாவிருக்கு (300 மி.கி., ரிட்டோனாவிர் 100 மி.கி. உடன்) இன்னொரு குணம் உண்டு. அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை என்று கடையில் தாமாகவே வாங்கிப் போடும் ஓமெப்ரசோல், பாண்டோப்ரசோல் அதன் உறிஞ்சலைப் பாதிக்கும். கண் மஞ்சளாவதும் உண்டு; பெரும்பாலும் அது ஈரல் சேதமல்ல, பிலிருபினை வெளியேற்றும் நொதியையும் இம்மருந்து தடுப்பதால் வருவது. பயந்து தாமாக நிறுத்தாமல், ஈரல் சோதனை செய்துவிட்டு மருத்துவரே முடிவெடுக்க வேண்டியது.