பிள்ளைக்கு எட்டாத தாழ்ப்பாள்: பள்ளிக் கழிப்பறை பற்றிப் பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பாத்ரூமுக்கு ஓடுகிற பிள்ளை, பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் பாட்டிலும் குறையாமல் திரும்பி வந்திருக்கும். இது வழக்கமாகிவிட்டால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரலாம்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. ஆனால் பீங்கான் எந்த அளவு, தாழ்ப்பாள் எந்த உயரம் என்பதெல்லாம் அதில் இல்லை. அதனால் கட்டுகிறவர்கள் பெரியவர்கள் அளவுக்கே கட்டிவிடுகிறார்கள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். பீங்கானின் இரண்டு பக்கமும் கால் வைத்தால் கால் அகன்றுபோய், உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயம் வரும். நிறைந்த வாளியை நகர்த்த முடியாது. தாழ்ப்பாள் எட்டாது; எட்டினாலும் மாட்டிக்கொள்வோமோ என்று போட மாட்டார்கள், தோழியை வாசலில் காவல் நிறுத்துவார்கள். சென்னையில் கடலோரக் காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். என்னைக் கேட்டால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை: துருப்பிடிக்காத தாழ்ப்பாள், தாழ்வாக, வெளியிலிருந்து ஆசிரியர் திறக்கக்கூடியதாக. அப்புறம் சிறு அளவுப் பீங்கான், கைக்கு எட்டும் குழாய், சின்ன மக், நல்ல வெளிச்சம்.

சரி, யாரிடம் கேட்பது? மாநகராட்சிப் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி இந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சியும் பள்ளிக்குத் தரும் மானியத்துக்கு அதுதான் அடிப்படை. ஆகவே 'கழிப்பறை பழுதுபார்ப்பு' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எத்தனை பீங்கான், தாழ்ப்பாளும் குழாயும் எந்த உயரம் என்று எழுதச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஏன் போவதில்லை என்று கேளுங்கள். பெரியவர்கள் கண்ணில் படாததை அவர்கள் சொல்வார்கள்.

குழுவில் பேசியும் நடக்கவில்லையா? 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சியிடம், இங்கே பெருநகர சென்னை மாநகராட்சியிடம், எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மனு கொடுக்கும்போதே நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.