கண்ணாடிக் கோடு உருவத்தோடு நகர்வதில்லை

கோத்தகிரிப் பகுதியில் கணிதம் கற்பித்துவரும் நான், இந்த முறை திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். எதிரொளிப்பும் (ஒரு கோட்டைக் கண்ணாடியாகக் கொண்டு உருவத்தை மறுபுறம் திருப்புவது; அந்தக் கோடே கண்ணாடிக் கோடு) இடப்பெயர்ச்சியும் (உருவத்தைத் திருப்பாமல் அப்படியே நகர்த்துவது) தனித்தனியே வந்தால் பிழையின்றிச் செய்கிற பிள்ளைகள்கூட, இரண்டும் ஒரே வினாவில் சேர்ந்து வந்துவிட்டால், "எதை முதலில் செய்தால் என்ன, விடை ஒன்றுதானே" என்று நினைத்து மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

விடை ஒன்றன்று. அ(1, 1), ஆ(4, 1), இ(1, 3) என்ற முக்கோணத்தை ஒய் அச்சில் எதிரொளித்து, பிறகு வலப்பக்கம் 5 அலகு நகர்த்த வேண்டும். எதிரொளித்ததும் முனைகள் (-1, 1), (-4, 1), (-1, 3) ஆகின்றன. நகர்த்தியதும் (4, 1), (1, 1), (4, 3) ஆகின்றன. அடிப்பக்கம் பழைய இடத்திலேயே, அ-வும் ஆ-வும் மட்டும் இடம் மாறி வந்து அமர்வதைக் கண்டு பயந்து, சரியான விடையை அழித்துவிட்டு, முதலில் நகர்த்திப் பிறகு எதிரொளித்து (-6, 1), (-9, 1), (-6, 3) என்று எழுதியவர்கள் பலர். ஒவ்வொரு முனையும் சரியான இடத்திலிருந்து 10 அலகு, அதாவது நகர்த்தச் சொன்னதைப் போல இரு மடங்கு, தள்ளிப் போய்விட்டது.

கண்ணாடிக் கோடும் உருவத்தோடு சேர்ந்து நகர்வதாகப் பிள்ளைகள் மனத்தில் எண்ணிக்கொள்வதுதான் இதற்குக் காரணம். ஒய் அச்சு நின்ற இடத்திலேயே நிற்கும். முக்கோணத்தை அதிலிருந்து 5 அலகு விலக்கிவிட்டு எதிரொளித்தால், பிம்பமும் மறுபுறம் அதே 5 அலகு கூடுதலாக விலகித்தான் விழும். முதலில் நகர்த்தியே தீர வேண்டுமென்றால் இடப்பக்கம் 5 அலகு நகர்த்துங்கள். அதன்பின் எதிரொளித்தால் சரியான விடையே கிடைக்கும். எக்ஸ் = 2.5 என்ற கோட்டில் ஒரே ஒரு முறை எதிரொளித்தாலும் அதே விடைதான்.

கண்ணாடிக் கோட்டின் திசையிலேயே நகர்த்தும்போது மட்டும், எடுத்துக்காட்டாக ஒய் அச்சில் எதிரொளித்து மேல்நோக்கி 3 அலகு நகர்த்தும்போது, வரிசை எப்படியிருந்தாலும் விடை மாறாது. சக ஆசிரியர்களே, அந்த எடுத்துக்காட்டை முதல் நாளே கரும்பலகையில் போடாதீர்கள். பிள்ளைகள் அதையே பொதுவிதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மாணவர்களே, வினாவில் "பிறகு" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். கண்ணாடிக் கோட்டை முதலில் அழுத்தமாக வரையுங்கள். இரண்டு படிகளையும் மனக்கணக்காக ஒன்றாகச் செய்யாதீர்கள். இடைப்பட்ட முனைகளைக் கட்டாயம் எழுதுங்கள். நம் மாவட்டத்துத் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். உங்களுக்கோ கட்டம் அச்சிட்ட வரைபடத்தாளிலேயே எண்ணச் சோம்பலாக இருக்கிறது. எழுதி முடித்ததும் அ, ஆ, இ என்று முனைகளைச் சுற்றி வாருங்கள். ஒரே ஓர் எதிரொளிப்பு உள்ள கணக்கில், அந்தச் சுற்று முதலில் இடஞ்சுழியாக இருந்திருந்தால் இறுதியில் வலஞ்சுழியாக மாறியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால் எதிரொளிப்பில் எங்கோ பிழை இருக்கிறது. சுற்று சரியாக மாறியிருந்தும் உருவம் பழைய இடத்தருகிலேயே வந்து அமர்ந்திருந்தால், தயவுசெய்து அழிப்பானை எடுக்காதீர்கள்.